சான் சேவியர் டெல் பாக் கோயிலைப் பார்க்கவும் படமெடுக்கவும் செல்வோருக்கு

அரிசோனாவின் டூசான் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், முட்செடியும் மண்ணுமாக விரிந்து கிடக்கும் சமவெளியில், சான் சேவியர் டெல் பாக் கோயில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில், பிரான்சிஸ்கன் துறவிகளின் பொறுப்பில், 1783 முதல் 1797 வரை கட்டப்பட்ட கோயில் இது. நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் மாமனாரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு நான் முதன்முறை அங்கே சென்ற நாளில் ஏறக்குறைய எல்லாமே தவறாகப் போயிற்று. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். உள்ளே திருப்பலி நடந்துகொண்டிருந்ததால் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே முடியவில்லை. வெளியே நிற்கவும் வெயில் விடவில்லை. அங்கிருந்து இன்னும் தெற்கே போய்விட்டுத் திரும்பும் வழியில், சோதனைச் சாவடியில் கேட்ட பாஸ்போர்ட்டுகள் டிக்கிக்குள் பெட்டியின் அடியில் இருந்தன. பிறகு இரண்டு முறை முறையாகத் தயாரித்துக்கொண்டு சென்று நிறைவாகப் பார்த்து வந்தோம். மூன்று பயணங்களில் கற்றவற்றை, நீங்கள் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளும்படி இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. அது யாருடைய இடம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதைப் பொறுத்தவை என்பதால் இதை முதலில் வைக்கிறேன். இந்தக் கோயில் தேசியப் பூங்கா அன்று. அரசு நடத்தும் அருங்காட்சியகமும் அன்று. டொஹோனோ ஓதாம் என்னும் பழங்குடி மக்களின் நாட்டுக்குள், சான் சேவியர் மாவட்டத்தில், அந்த மக்கள் இன்றும் பூசைக்கு வரும் பங்குக் கோயில் இது. ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் இங்கேதான் நடக்கின்றன. கோயிலுக்குள் செல்லும் விதிகளைப் பங்கு நிர்வாகம் வகுக்கிறது. வாசலுக்கு வெளியே உள்ள நிலத்துக்கும் சாலைக்கும் சுற்றியுள்ள வீடுகளுக்கும் பழங்குடி அரசின் விதிகள் பொருந்தும்.

உங்களுக்காகவும் குடும்பத்துக்காகவும் எடுக்கும் படங்களுக்கு, வழிபாடு நடக்காத நேரத்தில், தனி அனுமதி எதுவும் கேட்க வேண்டியதில்லை. நிச்சயதார்த்தப் படம், துணிக்கடை விளம்பரம், பணம் வாங்கிக்கொண்டு எடுக்கும் படம் என்றால் நிலைமை வேறு. பங்கு அலுவலகத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே எழுதி, எந்த நாள், எத்தனை பேர், என்னென்ன கருவிகள், படம் எதற்குப் பயன்படும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, எழுத்தில் பதில் வந்த பிறகே செல்லுங்கள். வெளிப்புற நிலத்தையும் பயன்படுத்துவதாக இருந்தால் மாவட்ட அலுவலகத்திடமும் கேட்க வேண்டும். ஓரிடத்தில் கிடைத்த அனுமதி மற்றோரிடத்தில் செல்லாது.

டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பழங்குடி அரசின் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தின் மேல் பறக்கவிடக் கூடாது. அதேபோல், அங்கே வசிப்பவர்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் வீடுகளையும் கல்லறைகளையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். முகம் தெரியாத ஒருவர் நம் ஊர்க் கோயில் திருவிழாவில் நம் வீட்டுப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டாலே போதும்.

2. மாதமும் கிழமையும் நேரமும்

நவம்பர் முதல் மார்ச் வரை செல்லுங்கள். கோடையில் பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது அங்கே சாதாரணம். வயதானவர்களை அழைத்துச் செல்வோருக்கு அதுவே போதிய காரணம். படமெடுப்போருக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோயிலின் முகப்பு தெற்கு நோக்கியது. ஜூன் மாதத்தில் சூரியன் வடகிழக்கில் எழுவதால் விடியற்காலையில் முகப்பின் மேல் வெயிலே விழாது. விழத் தொடங்கும் ஒன்பது மணிக்கு மேல் சூரியன் உச்சியை நெருங்கிக்கொண்டிருக்கும், சிற்ப வேலைப்பாடுகளின் நிழல் கீழ்நோக்கி அப்பிக்கொள்ளும். டிசம்பரிலோ சூரியன் தென்கிழக்கில் எழுந்து, தெற்கு வானத்தில் தாழ்வாகவே நகர்ந்து, தென்மேற்கில் மறைகிறது. அதனால் காலை முதல் மாலை வரை முகப்புக்குச் சாய்ந்த வெளிச்சம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். பிற்பகலில் கருமேகம் திரளும்போது வெள்ளைக் கோயில் மிக அழகாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் புழுதிப் புயலும் திடீர் வெள்ளமும் அதே மேகத்தோடு வரும். தடுப்பு வைத்து மூடிய வெள்ளச் சாலைக்குள் வண்டியை விட்டு மாட்டிக்கொண்டால், மீட்புச் செலவாக 2,000 டாலர் வரை உங்களிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது.

கிழமையைப் பொறுத்தவரை செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு காலை முழுவதும் திருப்பலிகள் இருக்கும். சனிக்கிழமைகளில் திருமணங்களும் இளம்பெண்களின் பதினைந்தாம் பிறந்தநாள் வழிபாடுகளும் நடக்கலாம். துக்க நிகழ்வு எந்த நாளிலும் வரலாம். அப்படி நேர்ந்தால் வெளியே காத்திருப்பதுதான் முறை. கோயில் திறந்திருக்கும் நேரம் அவ்வப்போது மாறுகிறது, பழைய பயணக் கட்டுரைகளில் உள்ள நேரத்தை நம்ப வேண்டாம். கோயிலின் அதிகாரப்பூர்வ தளத்தில் புறப்படுவதற்கு முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் பார்க்கும்போதே திருப்பணி ஏதும் நடக்கிறதா என்பதையும் பாருங்கள். இக்கோயிலின் பராமரிப்புக்காக 1978-ல் தொடங்கப்பட்ட பேட்ரோனாட்டோ சான் சேவியர் என்னும் அமைப்பு, நன்கொடை சேரச் சேரக் கட்டம் கட்டமாக வேலை செய்து வருகிறது. ஒரு கோபுரம் முழுவதும் சாரம் கட்டியிருக்கும் மாதத்தில் போய் நின்றால் முகப்புப் படம் கிடைக்காது. உட்புறத்துக்காக மட்டும் செல்லலாம்.

வெளி மாநிலத்திலிருந்து வருவோருக்கு ஒரு குறிப்பு: அரிசோனாவில் கோடைகால நேர மாற்றம் கிடையாது. நியூ மெக்சிகோவிலிருந்து கோடையில் வண்டியோட்டி வருபவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நிற்பார்கள்.

3. ஆவணங்கள்

கோயிலுக்குள் நுழைய எந்த ஆவணமும் தேவையில்லை. ஆனால் நீங்கள் இருப்பது மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில். டூசானிலிருந்து எல்லை நகரமான நொகாலெஸ் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குடிவரவுச் சட்டம். ஊருக்குள் இருக்கும்போது இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம், இந்தச் சாலையில் மறக்க முடியாது.

சான் சேவியர் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு டூசானுக்குத் திரும்பினால் வழியில் சோதனைச் சாவடி வராது. தெற்கே, எட்டாவது படியில் சொல்லும் கைவிடப்பட்ட கோயில் உள்ள டூமகாகரி வரை சென்றுவிட்டு ஐ-19 நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கித் திரும்பும்போது, டூபாக் ஊரைத் தாண்டியதும் எல்லைக் காவலர்களின் சாவடி வரும். அங்கே ஒவ்வொருவரும் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பார்கள்.

சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு: விசா ஒட்டிய பாஸ்போர்ட், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சு. வேலை விசாவில் இருப்பவர்களுக்கு: பாஸ்போர்ட், ஐ-94, ஐ-797 ஒப்புதல் கடிதத்தின் நகல். பச்சை அட்டை உள்ளவர்கள் அந்த அட்டையையே கொண்டு வர வேண்டும்; கைப்பேசியில் உள்ள படம் அதற்கு ஈடாகாது. இவை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில் வையுங்கள். எங்கள் முதல் பயணத்தில் வண்டியை ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்து, புடவைகளையும் மாத்திரைப் பைகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டைத் தேட வேண்டியதாயிற்று. காவலர் பொறுமையாகத்தான் நின்றார். ஆனால் அந்தப் பத்து நிமிடங்களில் அத்தையின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அது முழுக்க என் கவனக்குறைவால் வந்தது.

ஐ-94 எடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லைப் பாதுகாப்புத் துறையின் அரசுத் தளத்தில் இதை இலவசமாக எடுக்கலாம். தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, இதே தாளுக்குப் பணம் கேட்கின்றன. முகவரியின் கடைசியில் அரசுக்குரிய டாட் கவ் (.gov) இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாஸ்போர்ட் எண்ணைத் தட்டுங்கள்.

ஊரிலிருந்து வந்தவர் வண்டியோட்டுவதாக இருந்தால், இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் புறப்படும் முன்பே ஊரில் வாங்கிக்கொண்டு வரட்டும். வாடகை வண்டி நிறுவனங்களில் சில அதைக் கேட்கின்றன. சுற்றுலா விசாவில் இருப்பவர் இங்கே கூலிக்குப் படமெடுத்துத் தரக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்; நண்பருக்கு உதவிதானே என்று தொடங்கிப் பணம் கைமாறினால் அது வேலையாகிவிடும்.

4. செலவு

கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தவும் கட்டணம் இல்லை. கிழக்குப் பக்கத்தில் உள்ள சிறிய அருங்காட்சியகத்தில் காணிக்கைப் பெட்டி இருக்கிறது. தன்னார்வ வழிகாட்டிகள், பெரும்பாலும் காலை வேளைகளில், பணம் வாங்காமல் கோயிலைச் சுற்றிக் காட்டுகிறார்கள். இவ்வளவும் இலவசமாகக் கிடைப்பதனால்தான் மனமுவந்து காணிக்கை போட வேண்டும் என்று நினைக்கிறேன். நாங்கள் ஆளுக்கு 10 டாலர் போட்டோம்.

சில்லறையாக ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் கைவசம் இருக்கட்டும். மெழுகுவர்த்திக்கும் தேவைப்படும், எதிரே உள்ள திடலில், மரக்கால் நட்டு மேலே குச்சிகள் பரப்பிய பந்தல்களுக்குக் கீழே ஓதாம் குடும்பங்கள் விற்கும் பொரித்த ரொட்டிக்கும் தேவைப்படும். மைதா மாவைக் கையாலேயே தட்டித் தட்டி, தட்டளவுக்கு விரித்து, கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் அது நம் பட்டூராவைப் போல் உப்பி எழும். மேலே தேன் ஊற்றியோ அவித்த பீன்ஸ் வைத்தோ தருவார்கள். சைவம் சாப்பிடுவோர் பீன்ஸில் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தேன் ரொட்டி என்றாலும் எந்த எண்ணெய் என்று கேட்டுவிடலாம். வாரநாள்களில் எல்லாப் பந்தல்களும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம், கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

மற்றபடி செலவு வண்டிக்குத்தான். பீனிக்ஸ் பக்கத்துச் சான்ட்லரிலிருந்து நாங்கள் போய் வந்தது ஏறக்குறைய 350 கிலோமீட்டர்.

5. சென்று சேர்தல்

ஐ-10 நெடுஞ்சாலையில் டூசான் வந்து, ஐ-19 பிரியுமிடத்தில் தெற்கே திரும்பி, 92-ஆம் எண் வெளிவழியில் இறங்கி மேற்கே செல்ல வேண்டும். ஐ-19 சாலையில் தொலைவுகள் கிலோமீட்டரிலும் வேக வரம்பு மைலிலும் எழுதப்பட்டிருக்கும்; குழம்பிவிடாதீர்கள். வெளிவழி எண்களும் கிலோமீட்டர்க் கணக்கில் அமைந்தவை என்பதால் இரண்டு எண்களைக் கழித்தாலே இடைத் தொலைவு தெரிந்துவிடும்.

டூசான் விமான நிலையத்திலிருந்து வாடகைக் கார் வரவழைத்துச் செல்வோர், திரும்புவதற்கு அங்கே கார் உடனே கிடைக்கும் என்று நம்பக் கூடாது. வந்த ஓட்டுநரிடமே பேசி வைத்துக்கொள்வது அல்லது வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது. வழி கேட்கும்போது சேவியர் என்று சொல்வதைவிட ஹவியேர் என்று சொன்னால் அங்குள்ளவர்களுக்குச் சட்டென்று புரிகிறது.

6. வெளியே படமெடுத்தல்

முகப்புக்கு நேரே நின்றால் இடப்பக்கக் கோபுரத்தின் மேல் குவிமாடம் இருக்கும், வலப்பக்கக் கோபுரத்தின் மேல் இருக்காது. அது இடிந்ததன்று, கட்டி முடிக்கப்படாமலே நின்றுபோனது. இந்தச் சமனின்மையை மறைக்காமல் இரு கோபுரங்களையும் முழுமையாகச் சட்டத்துக்குள் கொண்டு வாருங்கள். நடுவில் செம்மண் நிறத்தில் இருக்கும் சிற்ப முகப்புக்கும் இருபுறத்து வெள்ளைச் சுவருக்கும் ஒளி அளவில் பெரிய வேறுபாடு உண்டு. கேமராவைத் தானாக அளக்க விட்டால் வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமாகிவிடும். ஒளி அளவை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்டி, சுவரின் வெயில்பட்ட பகுதி வெளுத்து மறைந்துவிடவில்லை என்பதைத் திரையில் சரிபார்த்து, கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பான ரா கோப்பாக எடுங்கள்.

சுவருக்கு அருகில் போய்ச் சுண்ணாம்புப் பூச்சையும் ஒரு படம் எடுங்கள். இருபதாம் நூற்றாண்டில் பூசிய சிமெண்ட் ஈரத்தைச் சுவருக்குள் அடைத்துவிட்டதால், அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, சப்பாத்திக்கள்ளியின் சாறு கலந்த சுண்ணாம்பைப் பழைய முறைப்படி பூசியிருக்கிறார்கள். சாய்ந்த வெயிலில் கரணையின் தடம் அலையலையாகத் தெரியும். தொட்டுப் பார்க்கத் தோன்றும். தொட வேண்டாம்.

கிழக்கே ஒரு சிறு குன்றும், அதில் லூர்து மாதா கெபியும் இருக்கின்றன. காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர, கோயிலையும் அதன் பின்னே உள்ள சமவெளியையும் ஒருசேர எடுக்க அதுவே சரியான இடம். பாதையை விட்டு மேலே ஏறாதீர்கள். கல்லிடுக்குகளில் பாம்பு இருக்கக்கூடிய நிலம் அது.

7. உள்ளே

கதவைத் தாண்டியதும் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறங்கள். வெளியே இருந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு உள்ளே முதலில் எதுவும் தெரியாது. பிறகு மெதுவாகப் பொன் பூசிய நடுப்பீடம் எழுந்து வரும். வடக்குச் சுவர் முழுவதும் தூண்களும் மாடங்களும் சுரூபங்களுமாக நிறைந்து, நடுமாடத்தில் புனித சவேரியார் நிற்கிறார். முத்துக்குளித்துறையில் 1542-ல் வந்திறங்கி நம் கடற்கரை ஊர்களில் நடந்த அதே சவேரியார்தான். கோட்டாறு சவேரியார் கோயிலில் ஆண்டு தவறாமல் திருவிழாக் கண்ட என் அத்தைக்கு, இந்தப் பாலைவனத்தில் அவரைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை.

ஃபிளாஷைக் கேமராவிலும் கைப்பேசியிலும் முன்பே நிறுத்திவிடுங்கள். 1992 முதல் 1997 வரை பன்னாட்டு வல்லுநர்கள் இந்த ஓவியங்களை அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்து மீட்டிருக்கிறார்கள். வேண்டுதலோடு உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணிலும் அந்த ஒளி அறையும். முக்காலி பற்றி, விரிப்பதற்கு முன்பே அருங்காட்சியகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் விரித்து, ஒரு தன்னார்வலர் வந்து பணிவாகச் சொன்ன பிறகு மடக்கினேன். முக்காலி இல்லாமலும் எடுக்க முடியும்: அகன்ற கோண லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 2.8 அல்லது 4, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை, முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு நிறுத்தி ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை எடுத்தால் ஒன்று தெளிவாக வரும். தோள்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது சுவரில் உரசும் பைகளே பூச்சுக்குப் பெரிய கேடு.

பீடத்தை எடுத்ததோடு திரும்பிவிடாமல் சுவர்களைக் கவனியுங்கள். பளிங்குபோல் தெரிவது வண்ணப் பூச்சு. ஓடு பதித்ததுபோல் தெரிவதும் வண்ணப் பூச்சுதான். உண்மைக் கதவுக்கு எதிரே, சமன் கெடாமல் இருக்க, சுவரிலேயே ஒரு பொய்க்கதவை எழுதி வைத்திருக்கிறார்கள். நேரே நின்று எடுத்தால் அது உண்மைக் கதவுபோலவே விழும். சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுத்தால்தான் ஓவியம் என்பது படத்தில் தெரியும்.

இடப்புறச் சிற்றாலயத்தில் சவேரியாரின் சாய்ந்த சுரூபம் ஒன்று போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது. அந்தப் போர்வையில் கை, கால், கண் வடிவிலான சிறு உலோக நேர்ச்சைகளும் குழந்தைகளின் புகைப்படங்களும் மருத்துவமனையில் கையில் கட்டும் பட்டைகளும் குத்தப்பட்டிருக்கும். வருவோர் வரிசையில் நின்று, சுரூபத்தின் தலையை இரு கைகளாலும் மெல்லத் தூக்கி வணங்குகிறார்கள். இங்கே கேமராவை இறக்கிவிடுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் சுரூபத்தை எடுக்கலாம். ஆனால் அந்தப் பட்டைகளில் பெயர்களும் பிறந்த தேதிகளும் இருக்கின்றன, அவை படிக்கும்படியாக விழுந்த படத்தை எங்கும் வெளியிடாதீர்கள். அத்தை தலையைத் தூக்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். படம் எடுக்கவில்லை.

8. அதே நாளில் டூமகாகரி

நேரம் இருந்தால் 29-ஆம் எண் வெளிவழிக்குச் செல்லுங்கள்; கழித்துப் பார்த்தால் 63 கிலோமீட்டர். டூமகாகரியில் உள்ள கோயில், மக்கள் ஊரை விட்டுச் சென்றபோது கைவிடப்பட்டது. அங்கிருந்த சுரூபங்களை 1848-ல் சான் சேவியருக்குத்தான் தூக்கிச் சென்றார்கள். முழுமையாக வாழும் கோயிலைக் காலையில் பார்த்துவிட்டு, பீடம் வெறுமையாக நிற்கும் கோயிலைப் பிற்பகலில் பார்ப்பது மனத்தை உலுக்குகிறது.

இது தேசிய வரலாற்றுப் பூங்கா என்பதால் விதிகளும் வேறு. 16 வயது நிறைந்தவர்களுக்குத் தலைக்கு 10 டாலர், அந்தச் சீட்டு ஏழு நாள் செல்லும். 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின்படி, ஆறு பேருக்குக் குறைவான குழு, கையில் தூக்கிச் செல்லும் கருவிகளோடு, மற்றவர்களுக்கு இடையூறின்றிப் படமெடுத்தால், அது விற்பனைக்கானதாக இருந்தாலும் அனுமதிச் சீட்டு தேவையில்லை. இந்தச் சட்டத்தைச் சான் சேவியரில் போய்ச் சொல்லாதீர்கள், அங்கே அது பொருந்தாது. டிரோன் இங்கேயும் கூடாது.

டிசம்பரில் டூசானில் மாலை ஐந்தேகால் மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். சான் சேவியரின் முகப்பை மாலை வெயிலிலும் எடுக்க விரும்பினால், சாவடியில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, டூமகாகரியிலிருந்து மூன்று மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். புறப்படும்போது ஆவண உறையை வண்டியோட்டாத ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.